பரங்கிக்காயில் பூ அடுக்கலாம், ஆனால் தண்ணீர் ஊற்றாதீர்கள்

சென்னை வேளச்சேரியில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்ட விஷயம் இது. நியூ ஜெர்சியில் இருக்கும் அவருடைய நாத்தனார் ஒவ்வொரு அக்டோபரிலும் பரங்கிக்காயைக் குடைந்து, அதில் பூ அடுக்கி, படம் எடுத்துக் குடும்ப வாட்ஸாப்பில் போடுகிறார். அதைப் பார்த்துவிட்டு இந்த வாசகி போன வருஷம் நவராத்திரிக்கு அதே மாதிரி ஒன்று செய்து கொலுப்படிக்குப் பக்கத்தில் வைத்தார். மூன்றாம் நாள் காலையில் ஹால் முழுக்கப் புளித்த வாடை. தூக்கப் போனால் அடிப்பாகம் கையோடு வருகிறது. மாமியார் ஒன்றும் சொல்லவில்லையாம். ஊதுபத்தி மட்டும் இரண்டு கூடுதலாக ஏற்றினாராம். இந்த வருஷம் ஒழுங்காகச் செய்ய வழி இருக்கிறதா, என்ன பூ வாங்குவது, ஒன்பது நாளும் தாங்குமா என்று கேட்கிறார்.

வழி இருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்யாண மேடைகளுக்குப் பூ வேலை செய்கிறவள் நான். இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் கூலி வாங்கிக்கொண்டு. ஒரு வளைகாப்புக்கு, ஏசி இல்லாத மண்டபத்தில், பன்னிரண்டு பரங்கிக்காயை முதல் நாள் சாயங்காலமே குடைந்து, தண்ணீர் ஊற்றி, பூவும் செருகி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் மத்தியானப் பந்தியில் பூவைவிட ஈ அதிகம். அன்றைக்கு மனதில் போட்டுக்கொண்டதுதான் இந்தப் பதிலின் சாரம்: பரங்கிக்காய் பாத்திரம் இல்லை, சட்டை. தண்ணீரும் பூத்தண்டும் உள்ளே ஒரு டம்ளரில் இருக்க வேண்டும். பரங்கிக்காய் அந்த டம்ளருக்கு மாட்டிவிட்ட சட்டை, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதே தவிர, பூசணிக்காய்க்குள் ஒரு டம்ளரைத் தாராளமாக மறைக்கலாம்.

நாத்தனாருக்குத் தாங்குவது உங்களுக்கு ஏன் தாங்கவில்லை? கைப்பழக்கம் இல்லாததால் அல்ல. நியூ ஜெர்சியில் அக்டோபர் பகலே சுமார் 18 டிகிரிதான். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழேகூடப் போகும். அதாவது அவர் வீட்டு வாசல்படி கிட்டத்தட்ட ஒரு ஃபிரிட்ஜ். நமக்கோ அதே மாதத்தில் பகல் 32, ராத்திரி 25, போதாதற்கு மழைக்காலத்துப் புழுக்கம். வெட்டிய காய்க்குள் ஈரமும் சர்க்கரையும் இருக்கின்றன. வெளியே வெப்பமும் இருக்கிறது. பாக்டீரியாவுக்கும் பூஞ்சைக்கும் இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. அந்தத் தண்ணீரில் பெருகும் பாக்டீரியா பூத்தண்டின் நுனியையும் அடைத்துவிடுகிறது. தண்டு தண்ணீர் குடிக்க முடியாமல், தண்ணீருக்குள் நின்றுகொண்டே பூ வாடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. காயம்பட்ட காய் எத்திலீன் வாயுவை வெளியிடும். வாழைப்பழத்தைப் பழுக்கவைக்கிற அதே வாயுதான். கார்னேஷன் மாதிரிப் பூக்களுக்கு அது விஷம். நன்றாக இருந்த கார்னேஷன் ராத்திரியோடு ராத்திரியாக இதழ் மடக்கித் தூங்கிவிட்டால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

காயும் வேறு ஜாதி. அவர்கள் ஹாலோவீனுக்குக் குடைவது குக்கர்பிட்டா பெப்போ இனம். மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் 1960களில் தேர்ந்தெடுத்து வளர்த்த ஹவ்டன் ரகம் அதில் பிரபலம்: நிமிர்ந்த வடிவம், பருத்த காம்பு, குடைவதற்கு வாகான சுவர், சாப்பிட்டால் சப்பென்று இருக்கும் நார்ச்சதை. நம்ம ஊர்ப் பரங்கி பெரும்பாலும் குக்கர்பிட்டா மோஸ்சாட்டா. தட்டையாக, கோடு கோடாகப் பள்ளம் விழுந்து, இரண்டு விரல் தடிமனுக்குச் சதை இருக்கும். குடைவது கஷ்டம், அழுகுவது சுலபம். ஆனால் கூட்டு வைத்தால் அமிர்தம். அழகுக்கு வளர்த்ததை அவர்கள் குடைகிறார்கள். நாம் சாப்பாட்டுக்கு வளர்த்ததைக் குடைகிறோம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பதே ஒரு தனிச் சிக்கல். சென்னையில் பரங்கிக்காய் என்றாலும் மஞ்சள் பூசணி என்றாலும் கொடுப்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் கடை வைத்திருந்தால் அரசாணிக்காய் என்பார். வெறுமனே பூசணிக்காய் என்று கேட்டால், அதுவும் ஆயுத பூஜை நெருங்குகிற நேரத்தில், சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணியை எடுத்துத் தராசில் வைத்துவிடுவார்கள். அதில் பூ அடுக்காதீர்கள். தாங்காது என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தத் தோல் நன்றாகவே தாங்கும். ஆனால் வருகிறவர்கள் கண்ணுக்கு அது திருஷ்டிப் பூசணி. என்ன அழகாகப் பூ வைத்தாலும், எப்போது இதில் குங்குமம் கொட்டி உடைக்கப் போகிறார்கள் என்றுதான் தோன்றும்.

இரண்டு கிலோவுக்குள் ஒரு காய் போதும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் ஒன்றரை முதல் இரண்டு கிலோதான் இருக்கும். கோ 1 ஏழெட்டுக் கிலோ, அது சமையல் கான்ட்ராக்டருக்கு. நாத்தனார் படத்தில் வருவது போலப் பளீர் ஆரஞ்சுதான் வேண்டும் என்றால், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா சூர்யமுகி என்ற ரகம் இருக்கிறது. ஒரு கிலோ வாக்கில் உருண்டையாக, ஆரஞ்சுத் தோலில் வெளிர் கோடு ஓடும். சென்னைக் கடைகளில் தினமும் கண்ணில் படுகிற சரக்கு இல்லை, மாடித்தோட்டக்காரர்களிடம் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் ஆரஞ்சு பெயிண்ட் அடிக்க வேண்டாம். தோலின் மெழுகுப் பூச்சில் பெயிண்ட் ஒட்டாது, இரண்டாம் நாள் உரியும். நம்ம பரங்கியின் தவிட்டு நிறமும் பச்சைத் திட்டும் சாமந்தி மஞ்சளுக்கு அடியில் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் ஆரஞ்சைவிட இதுதான் மேல்.

வாங்கும்போது நகத்தால் அழுத்திப் பாருங்கள்; நகம் இறங்கினால் பிஞ்சு, வேண்டாம். காம்பு காய்ந்து கட்டையாக, காயோடு இருக்க வேண்டும். காம்பு உடைந்த இடத்தில்தான் அழுகல் முதலில் நுழையும். அதே காரணத்துக்காகக் காம்பைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. தரையில் வைத்தால் ஆடாமல் உட்காருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

இனி வெட்டுவது. முழுப் பரங்கிக்காயைப் பெண்கள் முதலில் வெட்டக்கூடாது, ஆண் ஒருவர் ஒரு கீறல் போட்ட பிறகுதான் என்று சில வீடுகளில் வழக்கம் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கத்தியைக் கையில் கொடுங்கள். சாஸ்திரம் எப்படியோ, அந்தத் தோலில் முதல் குத்து இறக்குவதற்கு உண்மையிலேயே பலம் வேண்டும். சமையல் கத்தி வழுக்கும். நான் பார்த்த கைக்காயங்களில் பாதி இப்படி வந்தவை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஹேக்ஸா பிளேடு ஒன்றை வாங்கி, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுத்தால் சுலபமாக இறங்கும். முதல் ஓட்டையைத் திருப்புளியும் சுத்தியலும் வைத்துப் போடலாம். காய்க்கு அடியில் ஈரத்துண்டு ஒன்றை மடித்துப் போட்டால் நகராது.

எவ்வளவு அகலம் வெட்டுவது என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். படங்களில் பார்த்துவிட்டு மேல்பாகம் முழுவதையும் தொப்பி மாதிரி எடுத்துவிடுவார்கள். அப்புறம் பூவெல்லாம் நாலு பக்கமும் சாய்ந்துவிடும், நடுவில் பள்ளம் தெரியும். உள்ளே வைக்கப் போகிற டம்ளரைக் காம்பின் மேல் கவிழ்த்து, பேனாவால் சுற்றி வட்டம் போட்டு, அந்தக் கோட்டுக்கு ஒரு நூல் வெளியே மட்டும் வெட்டுங்கள். டம்ளர் விளிம்பு உள்ளே இறங்கிப் பரங்கியின் வாயோடு சமமாக நிற்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர் உத்தமம். இல்லையென்றால் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். ஆழம் போதாமல் டம்ளர் தலை நீட்டினால் இன்னும் கொஞ்சம் குடையுங்கள். ஆடினால் பழைய செய்தித்தாளைச் சுருட்டி இடுக்கில் செருகுங்கள். அந்தத் தாள் சதையிலிருந்து கசியும் ஈரத்தையும் குடித்துக்கொள்ளும், தினமும் மாற்றலாம்.

குடையும்போது விதையும் நாரும் ஒன்று விடாமல் வர வேண்டும். முதலில் அழுகுவது அந்த நார்தான். குழிக்கரண்டியின் விளிம்பால் சுரண்டினால் வந்துவிடும். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் ப்ளீச்சிங் திரவம் கலந்து உள்ளேயும் வெளியேயும் துடைத்து, மின்விசிறிக்கு அடியில் இரண்டு மணி நேரம் கவிழ்த்து வையுங்கள். உள்சுவர் தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர வேண்டும். வெட்டு வாயில் வாஸ்லீன் தடவச் சொல்வார்கள். அது குளிர்நாட்டு யோசனை, அங்கே வெட்டிய விளிம்பு உலர்ந்து சுருங்குவதுதான் பிரச்சினை. இங்கே பிரச்சினை சுருங்குவது இல்லை, ஊறுவது. நான் உள்சுவரில் உப்பும் மஞ்சள்தூளும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் கூடுதலாகத் தாங்கியது போலத்தான் இருந்தது. விரல் இரண்டு நாள் மஞ்சளாக இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

இவ்வளவும் செய்தால் எத்தனை நாள்? மின்விசிறி ஹாலில் மூன்று நாள். ஏசி அறையில் நாலு, ஐந்து. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒன்பது நாள் கணக்குக்கு வேறு வழி, பின்னால் சொல்கிறேன்.

டம்ளருக்குள் பூவை நிறுத்திப் பிடிக்க ஏதாவது வேண்டும். கடைக்காரர்கள் தள்ளிவிடுவது பச்சை ஃபோம். 1954ல் அமெரிக்காவில் வெர்னான் ஸ்மித்தர்ஸ் என்பவர் கொண்டுவந்தது. அவர் நிறுவனத்தின் ஒயாசிஸ் என்ற பெயரே பூக்காரர்கள் வாயில் பொருளின் பெயராகிவிட்டது. வாங்குவதானால் ஒன்று: வாளித் தண்ணீரின் மேல் வைத்துவிட்டு அதுவாக மூழ்க விட வேண்டும். கையால் அமுக்கினால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு, அந்த இடத்தில் செருகின பூ மட்டும் காரணம் தெரியாமல் வாடும். ஆனால் நான் அதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டேன். அது மக்காத பிளாஸ்டிக். பொடிந்து பொடிந்து நுண்துகளாகத் தண்ணீரில் போகிறது. பிரிட்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்தேவிட்டது.

நமக்கு எதற்கு ஃபோம்? வாழைத்தண்டு இருக்கிறதே. நாலு விரல் உயரத்துக்கு ஒரு துண்டு நறுக்கி டம்ளருக்குள் இறக்கி, பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். ஈர்க்குச்சியால் முன்னாடியே ஓட்டை போட்டுக்கொண்டால் தண்டு மடங்காமல் இறங்கும். மேடைப் பந்தலில் வாழை மட்டையில் பூ குத்துகிற வேலையைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். இரண்டாம் நாள் தண்டு கறுக்கும். அதற்குள் பூ மூடிவிட்டிருப்பதால் தெரியாது, மூன்றாம் நாள் மாற்றிவிடலாம். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலையைக் கசக்கி உள்ளே திணிப்பது இன்னொரு வழி, நீளக் காம்புப் பூக்களுக்கு நல்லது. யோசித்துப் பார்த்தால் மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை பிடித்து அதில் பூசணிப்பூவைச் செருகுகிறோமே, அதுவும் இந்த வேலைதான். ஈரம் காக்கும், பூவை நிமிர்த்தும், கடைசியில் வறட்டியாகிவிடும். ஃபோம் இந்த மூன்றாவதைச் செய்யாது.

சரி, பூ. கோயம்பேடு போகிறவர்களுக்கு ஒரு விஷயம் முதலிலேயே புரிய வேண்டும். அங்கே மலை மலையாகக் குவிந்திருப்பது உதிரிப்பூ. மாலைக்கும் பூஜைக்கும் பறித்தது, காம்பு அரை விரல் இருந்தால் அதிகம். நாத்தனார் படத்தில் இருப்பது எல்லாம் நீளக் காம்போடு வெட்டினது. நம்ம ஊரில் அதைப் பொக்கே பூ என்று தனிக் கடைகளில் கட்டுக் கட்டாக விற்பார்கள்: ஜெர்பரா கட்டுக்குப் பத்து, ரோஜா கட்டுக்கு இருபது. ஓசூர், பெங்களூருப் பக்கத்துப் பசுமைக்குடில் சரக்கு பெரும்பாலும். பரங்கிக்காய்க்கு இரண்டையும் கலப்பதுதான் என் முறை. ஒரு கட்டு ஜெர்பரா, ஒரு கட்டு காம்புச் சாமந்தி, மீதியெல்லாம் உதிரி. உதிரிப்பூவின் அடியில் ஈர்க்குச்சியைக் குத்தி நீளம் உண்டாக்கிக்கொள்ளலாம். குச்சி தண்ணீரைப் பூவுக்கு ஏற்றாது என்பதால் அந்தப் பூவைத் தினமும் மாற்ற வேண்டியிருக்கும். கொலு வீட்டில் எப்படியும் தினமும் பூ வாங்கத்தானே போகிறீர்கள். விஜயதசமிக்கு முந்தைய இரண்டு நாள் விலை ஏறிவிடும். காம்புப் பூவை அதற்கு மூன்று நாள் முன்பே வாங்கி, தண்டைத் தண்ணீரில் விட்டு நிழலில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலையுதிர் கால அலங்காரம் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தமிழ் மரபில் பருவம் ஆறு. ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், பிறகு முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இலை உதிர்வதற்கென்று அதில் ஒரு காலமே இல்லை. அங்கே மேப்பிள் சிவந்து உதிர்கிற நேரத்தில் இங்கே மழை பெய்து எல்லாம் துளிர்க்கிறது. அதனால் பிளாஸ்டிக் மேப்பிள் இலை வாங்கி ஒட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்தச் சிவப்பும் மஞ்சளும் வேண்டுமானால் குரோட்டன்ஸ் செடியில் ஒரு கிளை ஒடியுங்கள். எந்த அபார்ட்மென்டின் வாசலிலும் இருக்கும், வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. ஒரு வாரத்துக்கு அசையாமல் நிற்கும். நிஜமாகவே சிவந்து உதிர்கிற இலை வேண்டும் என்றால் நம்ம நாட்டு வாதுமை மரம் இருக்கிறது. பெசன்ட் நகரில் தை, மாசி வாக்கில் நடந்து பாருங்கள், தரையெல்லாம் செம்பு நிறத் தட்டு கவிழ்த்தது போல விழுந்து கிடக்கும். சென்னைக்கு இலையுதிர் காலம் ஒன்று உண்டென்றால் அது அந்த மரத்தடியில், பொங்கலுக்குப் பிறகு. இலைகளைப் பொறுக்கிப் பழைய டெலிபோன் டைரக்டரிக்குள் வைத்து அழுத்திவிட்டால் அடுத்த நவராத்திரிக்கு ஆகும்.

அறுவடை வாசனைக்குக் கதிர். கம்பு, சோளம், தினை, எது கிடைத்தாலும் சரி. நாட்டு மருந்துக் கடைகளிலோ குருவிக்குக் கட்டுகிற நெற்கதிர் விற்கிறவர்களிடமோ கேட்டுப் பாருங்கள். கோழிக்கொண்டையை விடவே கூடாது. வெல்வெட் மாதிரி அந்த அடர் சிவப்பு இல்லாவிட்டால் மஞ்சளும் ஆரஞ்சும் மட்டும் சேர்ந்து மஞ்சள் நீராட்டு விழா மாதிரி ஆகிவிடும். இடையிடையே மரிக்கொழுந்து செருகினால் பரங்கியின் பச்சை வாடை அடங்கும். சம்பங்கி வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளை இந்தக் கூட்டத்தில் ஒட்டாது. மல்லி தலைக்கு.

அடுக்கும் முறை பெரிய வித்தை இல்லை. முதலில் குரோட்டன்ஸ் இலைகள், பரங்கியின் வாய் விளிம்பை மறைத்து வெளிப்பக்கம் சாய்கிற மாதிரி. பிறகு பெரிய முகமுள்ள பூக்கள், ஜெர்பரா மூன்றோ ஐந்தோ, ஒரே உயரத்தில் இல்லாமல். அப்புறம் சாமந்தி, கோழிக்கொண்டையை நெருக்கமாக. கடைசியில் கதிர்கள், கூட்டத்துக்கு வெளியே கொஞ்சம் எட்டிப் பார்க்கிற மாதிரி. ஜாடியைவிடப் பூ ஒன்றரை மடங்கு உயரம் என்று வகுப்புகளில் கற்றுக்கொடுப்பார்கள். தட்டையான பரங்கிக்கு அது எடுபடாது, தலை பெருத்துத் தெரியும். காயின் உயரமே பூவுக்கும் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அகலத்தில் தாராளம் காட்டலாம். தண்டை எப்போதும் சாய்வாக வெட்டுங்கள்; தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக் கூடாது. ஜெர்பராவின் தண்டு மிருது, ஆழத் தண்ணீரில் அழுகும், மூன்று விரல் தண்ணீர் அதற்குப் போதும்.

தண்ணீரைத் தினமும் மாற்றச் சொல்வது பூவுக்காக மட்டும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் டெங்கு ஆட்கள் வீடு வீடாக வந்து பூந்தொட்டித் தட்டைப் பார்ப்பார்கள். ஏடிஸ் கொசு தேடுவது சாக்கடையை அல்ல, இப்படித் தேங்கின நல்ல தண்ணீரைத்தான். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். டம்ளர் முறையில் இதுவும் ஒரு சௌகரியம்: அலங்காரத்தைக் கலைக்காமல் டம்ளரோடு தூக்கி, ஊற்றி, கழுவி, திரும்ப வைத்துவிடலாம். பரங்கிக்கு அடியில் ஒரு பிரிமணையோ வைக்கோல் வளையமோ வையுங்கள். நேராக மரத்தின் மேலோ பட்டு விரிப்பின் மேலோ வைத்தால் காய் வியர்த்துக் கறை பிடிக்கும், அடிப்பாகம் காற்றில்லாமல் முதலில் அழுகும். உங்கள் கையோடு வந்த அடிப்பாகம் அப்படிப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது ஒன்பது நாள் விஷயத்துக்கு வருகிறேன். காயை வெட்டவே வெட்டாதீர்கள்.

வெட்டாத, முற்றின பரங்கிக்காய் நிழலில் ஒன்றிரண்டு மாதம் சும்மா கிடக்கும். பாட்டி வீட்டுப் பரணில் பார்த்திருப்போம். அதன் தலையில் காம்பைச் சுற்றி இயற்கையாகவே ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஒரு துணியைச் சும்மாடு மாதிரிச் சுற்றி வைத்து, அதன் மேல் ஆழமில்லாத ஒரு கிண்ணத்தையோ அகலமான அகலையோ உட்கார வையுங்கள். காம்பு நீளமாக இருந்தால் ஒரு விரலுக்கு விட்டு அறுத்துவிடலாம். கிண்ணத்துக்குள் வாழைத்தண்டு வில்லை, அதில் பூ. கிண்ணத்தின் விளிம்பையும் சும்மாட்டையும் குரோட்டன்ஸ் இலை மறைத்துவிடும். பார்க்கிறவர் கண்ணுக்குப் பூ பரங்கிக்குள்ளிருந்து முளைத்த மாதிரியே இருக்கும். பூவும் தண்டும் தினமும் மாறலாம், காய் அப்படியே இருக்கும். குடைந்த காயைச் சாமி முன்னால் வைக்கலாமா என்று மாமியாருக்கு மனதில் ஓர் உறுத்தல் இருந்திருந்தால் அதற்கும் இதுவே தீர்வு. முழுக்காய் மங்கலம்தானே.

கலிபோர்னியாப் பக்கம் வெட்டாத காயின் தலையில் பாசியை ஒட்டி, சதைப்பற்றுச் செடித் துண்டுகளைப் பதித்து மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். அதைச் செய்து பார்க்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், நம்ம மழைக்காலத்தில் அந்தச் செடிகள் நீர் கோத்துப் போகும். அந்த இடத்துக்கு நம்மிடம் இருப்பது வாடாமல்லி. பெயரிலேயே உத்தரவாதம் இருக்கிறது. வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் காய்ந்த பிறகும் நிறம் விடுவதில்லை. தண்ணீரே இல்லாமல், காம்பைச் சுற்றி நெருக்கமாகக் கோந்து வைத்து ஒட்டிவிட்டால் ஒன்பது நாள் என்ன, தீபாவளி வரைக்கும் வரும். நானே இந்த ஒன்றைத்தான் என் வீட்டில் செய்கிறேன். பூக்காரி வீட்டில் பூ மாற்ற நேரம் ஏது.

காயையே நிரந்தர ஜாடியாக்கும் ஆசை இருந்தால் பரங்கியை விட்டுவிட்டுச் சுரைக்குப் போங்கள். முற்றின சுரைக்காய் காய்ந்தால் ஓடு கட்டையாகிவிடும். தண்ணீர் மொள்ளவும் விதை போட்டு வைக்கவும் நம் ஆட்கள் சுரைக்குடுக்கை வைத்திருந்தது அதனால்தான். தஞ்சாவூர் வீணையின் கழுத்துக்கு அடியில் தொங்குகிற அந்தக் குடமும் சுரைக்காய் வழி வந்ததே. பரங்கிக்கு அந்தக் குணம் கிடையாது; சதை தடிமன், காய்வதற்கு முன் அழுகிவிடும். குடுக்கைக்குள்ளும் தண்ணீர் ஊற்றாமல் பாட்டில் இறக்கியே வைக்கலாம்.

குடைந்து எடுத்த சதையை அன்றைக்கே சமைத்துவிடுங்கள், ப்ளீச்சிங் போடுவதற்கு முன்னால் எடுத்துவைத்தது என்றால். இரண்டு கிலோக் காயில் ஒரு கூட்டும் ஒரு புளிக்கறியும் தேறும். விதையைக் கழுவி வெயிலில் காயவைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து வாணலியில் வறுத்தால் கொலு பார்க்க வருகிற குழந்தைகளுக்குச் சுண்டலோடு ஒரு கைப்பிடி. வெட்டாமல் வைத்திருந்த காயை விஜயதசமிக்கு மறுநாள் சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம், கோந்து ஒட்டின தோலைச் சீவிவிட்டு.

குடைந்த கூடு மக்கும் குப்பைக்கு. தெருமுனையில் வீசாதீர்கள், ஆயுத பூஜைக்கு மறுநாள் உடைத்த பூசணியில் வழுக்கி விழுகிற இருசக்கர வண்டிகளே போதும். சிலர் தெருவில் வரும் மாட்டுக்குப் போடுவார்கள். ப்ளீச்சிங் தடவின கூட்டைப் போடவே கூடாது. வாடின பூவையும் வாழைத்தண்டையும் போடலாம், ஆனால் அதற்கு முன் ஈர்க்குச்சியை எல்லாம் உருவிவிட வேண்டும். அடுக்கும்போதே எத்தனை குச்சி குத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அத்தனையும் கைக்கு வந்த பிறகு மாட்டுக்குக் கொடுங்கள்.